நள்ளிரவிற் பிறந்த துணிவு

சேக்கிழார் பெருமான் அருளிய திருநாவுக்கரசர் வரலாற்றைச் சில காலத்துக்கு முன் நாம் வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தோம். பல்லவ மன்னனின் ஆணைக்கு அடிகள் பணிய மறுத்ததையும், நீற்றறையில் இடப்பட்ட போதும் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளப்பட்ட போதும் அவர் கலங்காதிருந்ததையும் சொல்லி முடித்த வேளை, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் மெல்ல எழுந்தான். "ஐயா, நாவுக்கரசர் பயப்படவில்லை. நானென்றால் பயந்திருப்பேன். பயப்படுகிறவனுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதுதானா இதன் பொருள்?" என்று கேட்டான்.

வகுப்பிற் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பலர் மனத்தில் இருந்தும் வாய்விட்டுக் கேட்க நாணும் வினா அது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருத்தல் அறிவின்மை என்று வள்ளுவர் கூறியிருப்பதை எடுத்துக்காட்டி அன்று நாம் அவனை அமர்த்தினோம். ஆனால் அது பாதி விடையே. அச்சம் இழிவன்று என்பதை வள்ளுவரிடம் கற்கலாம். அஞ்சுகின்ற ஒருவனுக்குத் துணிவு எங்கிருந்து, எவ்வாறு வருகிறது என்பதே மற்றைப் பாதி. அதற்குரிய விடையை நாம் கண்டது ஒரு கிறிஸ்தவப் போதகரின் வரலாற்றிலே.

இந்துக் கல்லூரியொன்றில் ஆசிரியராயுள்ள நாம் கிறிஸ்தவப் போதகர் ஒருவரைத் தேடிப் போவதேன் என்று வாசகர் சிலர் வினவலாம். தாம் அஞ்சிய கதையைத் தாமே ஒளிவு மறைவின்றி எழுதிவைத்த பெரியோர் உலகில் மிகச் சிலர். அச்சிலருள் அவர் ஒருவர். அன்றியும், இயேசுபெருமானிடம் நம்பிக்கையையும் காந்தியடிகளிடம் வழிமுறையையும் பெற்ற அவரை நாம் அந்நியர் என எண்ணுதல் இயலாது. அவர்தாம் மார்ட்டின் லூதர் கிங்.

பஸ்வண்டியில் ஓர் ஆசனம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலே அலபாமா மாநிலத்தின் தலைநகரம் மொண்ட்கொமரி. 1955ஆம் ஆண்டில் அந்நகரிற் கறுப்பின மக்கள் சுமார் 50,000 பேர் வாழ்ந்தனர். நகரப் பஸ்வண்டிகளிற் செல்வோருள் மிகப் பெரும்பாலார் அவர்களே. எனினும் முன்புறத்துப் பத்து ஆசனங்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அவை வெறுமையாய்க் கிடந்தாலும் கறுப்பின மூதாட்டி ஒருத்தி கால் கடுக்க நின்றே செல்ல வேண்டும். முன்வாயிலிற் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, இறங்கிப் பின்வாயிலால் ஏறும்படியும் பலமுறை பணிக்கப்படுவர். அவ்வாறு அவர்கள் இறங்கி நடக்கும்போதே வண்டியை ஓட்டிச் சென்ற சாரதிகளும் இருந்தனர்.

அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் தேதி, வியாழக்கிழமை மாலை, ரோசா பார்க்ஸ் என்னும் 42 வயதுப் பெண்மணி வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பெரிய கடையொன்றிலே தையல் வேலை செய்தவர். தேவாலயத் தொண்டில் ஊறியவர். வெள்ளையர் ஒருவருக்காக எழுந்து இடம்விடுமாறு சாரதி கூறியபோது அவர் எழ மறுத்தார். பொலிசார் வந்து அவரைக் கைது செய்தனர். டிசம்பர் 5ஆம் தேதி, திங்கட்கிழமை, நீதிமன்றம் அவருக்குக் குற்றப்பணம் விதித்தது. அதே நாளிற் கறுப்பின மக்கள் பஸ்வண்டிகளை அடியோடு பகிஷ்கரித்தனர். ஒரு நாளைக்கென்று தொடங்கிய அந்தப் பகிஷ்காரம் 381 நாட்கள் நீடித்தது.

அன்று பிற்பகல் இயக்கத்தை நடத்தச் சங்கமொன்று அமைத்த தலைவர்கள், ஊருக்குப் புதியவரான இளம் போதகர் ஒருவரைத் தலைவராக்கினர். டெக்ஸ்டர் வீதிப் பப்திஸ்து தேவாலயத்துக்கு 1954ஆம் ஆண்டில் வந்த கிங்கிற்கு அப்போது வயது 26. தந்தையும் தாய்வழிப் பாட்டனாரும் போதகர்கள். அவரோ பொஸ்ரன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மூத்த மகள் யொலாண்டா பிறந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை.

அன்றிரவே பல்லாயிரவர் கூடும் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குப் பல மணி நேரம் ஆயத்தஞ் செய்யும் அவருக்கு அன்று கிடைத்தவை ஏறக்குறைய இருபது நிமிடங்கள். அவற்றுள் ஐந்து நிமிடங்களைக் கலங்கியே கழித்துவிட்டதாகவும், பின்பு தம் இயலாமையை ஒப்புக்கொண்டு கடவுளை நோக்கி வேண்டியதாகவும் அவர் எழுதுகிறார். அவருடைய துணிவின் கதை முழுவதற்கும் இது முன்னுரை போன்றது.

எதிர்ப்பு வந்த வழிகள்

மக்கள் நடந்தனர். காலையிலும் மாலையிலும் மைற்கணக்காக நடந்தனர். கறுப்பினத்தவரின் வாடகைக் கார்கள் பஸ் கட்டணமான பத்துச் சதத்துக்கே ஆட்களை ஏற்றின. குறைந்த கட்டணம் 45 சதமென்ற விதியைக் காட்டி நகர நிருவாகம் அதனைத் தடுத்தது. மக்கள் தங்கள் சொந்தக் கார்களைப் பொதுப்பணிக்குக் கொடுத்தனர். ஏறத்தாழ 300 கார்கள் ஓடின. பின்னர்த் தேவாலயங்களின் பெயரிலே பெரிய வண்டிகள் வாங்கப்பட்டன. 'உருளும் தேவாலயங்கள்' என்று அவற்றை மக்கள் அழைத்தனர். அவ்வண்டிகளின் காப்புறுதிகள் இரத்துச் செய்யப்பட்டபோது இலண்டன் மாநகரிலிருந்து காப்புறுதி பெறப்பட்டது.

1956ஆம் ஆண்டு சனவரியில் எதிர்ப்புக் கடுமையாயிற்று. நிறவேற்றுமையைக் காக்கவென்றே அமைந்த வெள்ளையர் மன்றத்தில் நகரபிதாவும் ஆணையாளர்களும் பகிரங்கமாய்ச் சேர்ந்தனர். கார் ஓட்டியோரைப் பொலிசார் அற்பக் காரணங்களுக்காக மறித்தனர். சனவரி 26ஆம் தேதி கிங்கின் முறை வந்தது. மணிக்கு 25 மைல் வேகத்திற் செல்ல வேண்டிய வீதியில் 30 மைல் வேகத்திற் சென்றார் என்பது குற்றச்சாட்டு. பொலிஸ் வண்டி தாம் எதிர்பார்த்த திசையில் செல்லாது வேறு வழியாற் செல்வதைக் கண்டு அவர் நடுங்கினார். எங்கேனும் ஓர் ஒதுக்குப்புறத்திற் கொலைக் கும்பல் ஒன்றிடம் தம்மை ஒப்படைக்கப் போகிறார்கள் என்றே நினைத்தார். 'நகரச் சிறைச்சாலை' என்ற பெயர்ப் பலகை தெரிந்த பின்னரே அவருக்கு மூச்சு வந்தது. சிறைச்சாலையைக் கண்டு ஆறுதலடையும் நிலையில் ஒரு மனிதர் இருந்தார் என்றால் அந்நாட்களின் அச்சத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மக்கள் திரண்டு வந்து சிறைச்சாலையைச் சூழ்ந்ததால் அன்றிரவே அவர் விடுவிக்கப்பட்டார்.

அடுக்களையில் ஒரு நள்ளிரவு

மறுநாள், சனவரி 27ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நாள் முழுவதும் அலைந்து களைத்த கிங் நள்ளிரவை அண்மிய வேளையில் படுக்கைக்குச் சென்றார். மனைவி கொரெட்டா உறங்கிவிட்டார். தொலைபேசி மணி ஒலித்தது. மறுபுறத்திலிருந்து ஒரு குரல் இழிசொற்களால் ஏசி, மொண்ட்கொமரிக்கு ஏன் வந்தோம் என்று விரைவில் அவர் வருந்தப் போகிறார் என மிரட்டியது.

புதிய செய்தியன்று அது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மிரட்டல்கள்கூட வந்துகொண்டிருந்த காலம். ஆயினும் அன்று அவை யாவும் ஒன்றுசேர்ந்து நெஞ்சை அழுத்தின. உறக்கம் வரவில்லை. எழுந்து அடுக்களைக்குச் சென்று கோப்பி தயாரித்தார். கோப்பி நிறைந்த பாத்திரம் தொடப்படாமல் மேசைமேல் இருந்தது. கோழையென்ற பெயர் வாராமல் இவ்வூரைவிட்டு எவ்வாறு விலகலாம் என்று அவர் எண்ணத் தொடங்கினார்.

இந்த இடத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். உலகம் போற்றும் வீரர் ஒருவர் ஓடிப்போக வழி தேடுகிறார். அதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார். கூடத்திலே கேட்கும் சத்தம் எதுவும் உள்ளே உறங்கும் மனைவியினதும் பத்துக் கிழமைக் குழந்தையினதும் முடிவாயிருக்கலாம் என்ற எண்ணம் ஒரு தந்தையின் மனத்தை எப்படி வதைக்கும் என்பதைக் குடும்பத்தவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தத்துவங் கற்றவர்; இறையியலில் தேர்ந்தவர். கடவுளைப் பற்றி அவர் அறிந்தவை ஏராளம். அவ்வறிவு அந்நேரத்திற் கைகொடுக்கவில்லை. அட்லாண்டாவிலே 175 மைல் தொலைவில் இருந்த தந்தையைக் கூப்பிடவும் இயலாது. பாட்டனாரும் தந்தையும் பற்றி நின்ற சமயம் இனித் தம்முடைய சமயமாக வேண்டும் என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

தலையைக் கைகளில் ஏந்தி, மேசைமேற் கவிந்து, வாய்விட்டு வேண்டினார். நான் சரியென்று நம்பியதன் பொருட்டே இங்கு நிற்கிறேன். ஆனால் இப்போது அஞ்சுகிறேன். மக்கள் என்னைப் பார்த்துத் துணிவு பெற வருகிறார்கள். நான் துணிவிழந்து நின்றால் அவர்களும் தளர்வார்கள். என்னிடம் இனி ஒன்றுமில்லை. தனியாக இதை என்னாற் சுமக்க முடியாது. அவர் நமக்குச் சொல்லிச் சென்ற வேண்டுதலின் சாரம் இதுவே.

அந்தக் கணத்தில், நீதிக்காக நில், உண்மைக்காக நில், நான் உன்னோடு என்றும் இருப்பேன் என்று உள்ளத்தே ஒரு குரல் அமைதியாய் உறுதி கூறியதாக அவர் உணர்ந்தார். நிலைமை மாறவில்லை. மிரட்டல் நிற்கவில்லை. ஆனால் நடுக்கம் நீங்கிற்று. எதையும் எதிர்கொள்ள ஆயத்தமானவராய் அவர் எழுந்தார்.

கிறிஸ்தவர்கள் இதனை இயேசுவின் உடனிருப்பு என்பர். நம்மவர் திருவருள் என்பர். பெயர் எதுவாயினும், அது எப்போது வந்தது என்பதையே நம் மாணவனுக்குச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். தம்மிடம் வலிமையுண்டு என்று அவர் காட்டிக்கொண்ட வேளையில் அது வரவில்லை. 'அஞ்சுகிறேன்' என்று மறையாமற் சொன்ன பின்னரே வந்தது.

விறாந்தையில் வெடித்த குண்டு

அந்த உறுதி மூன்றே நாளில் சோதனைக்கு உள்ளாயிற்று. சனவரி 30ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு, கிங் தம் நண்பர் றால்ப் அபர்நதியின் தேவாலயத்திலே மக்கட் கூட்டத்தில் இருந்தார். வீட்டிலே கொரெட்டாவும் தோழியொருவரும் முன்னறையில் இருக்க, குழந்தை பின்னறையில் உறங்கிற்று. விறாந்தையில் ஏதோ விழும் ஓசை கேட்டு இருவரும் விரைந்து பின்புறம் சென்றனர். மறுகணம் குண்டு வெடித்தது. யன்னல்கள் நொறுங்கின, விறாந்தைத் தூண் பிளந்தது. தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லை.

செய்தி கேட்ட கிங் அமைதியாகக் கூட்டத்தாரிடம் நடந்ததைக் கூறி, அவரவர் வீட்டுக்குச் செல்லுமாறு வேண்டிவிட்டுப் புறப்பட்டார். வீட்டு வாயிலிலோ நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் கொதித்து நின்றனர். பலர் கையில் ஆயுதம். நகரபிதாவும் பொலிஸ் ஆணையாளரும் வீட்டினுள்ளே நின்றனர். ஒரு சொல், ஒரு கல், போதுமாயிருந்தது. அன்றிரவு மொண்ட்கொமரியில் இரத்தம் ஓடியிருக்கும்.

மனைவியையும் குழந்தையையும் கண்ட பின், உடைந்த விறாந்தையில் நின்று கிங் கையை உயர்த்தினார். ஆயுதம் வைத்திருப்போர் அதை வீட்டுக்குக் கொண்டு போங்கள், பகைவரையும் நேசிக்கும்படி இயேசு போதித்ததை மறவாதீர்கள், என்னை நிறுத்தினாலும் இவ்வியக்கம் நில்லாது, ஏனெனில் கடவுள் இதனோடு இருக்கிறார் என்ற கருத்துப்படப் பேசினார். கொதித்து நின்ற கூட்டம் மெல்லக் கலைந்தது.

அடுக்களை மேசையில் அவர் பெற்றது எத்தகைய துணிவு என்பது இங்கேதான் விளங்குகிறது. வெறுப்பினாலும் ஒருவகைத் துணிவு பிறக்கும். கூட்டத்தில் நின்றோர் பலரிடம் அன்று இருந்தது அதுவே. தன் வீட்டை உடைத்தவர்மீது பாயத் துணிவதிலும், பாயத் துடிப்போரைத் தடுத்து நிற்பதற்கு வேண்டிய துணிவு பெரிது.

கைத்துப்பாக்கியும் காந்தியமும்

ஓரிரவில் அவர் முற்றத் துறந்த ஞானியாகிவிட்டார் என்று எண்ணுதல் தவறு. குண்டு வெடித்த பின் வீட்டைக் காவலர் ஆயுதத்தோடு காத்தனர். துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கு அவர் அநுமதியும் கோரினார், அது மறுக்கப்பட்டது. அன்பைப் போதிப்பவர் வீட்டிலே ஆயுதம் இருக்கலாமா என்று அவரும் கொரெட்டாவும் பல நாள் உசாவினர். முடிவில் தம்மிடமிருந்த துப்பாக்கியை விட்டொழித்தனர்.

பின்னர் அவர் கூறியது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. துப்பாக்கி வீட்டில் இருந்தபோதே தமக்கு அச்சம் மிகுதியாய் இருந்தது என்றார். அதனை நீக்கத் துணிந்த வேளையிற் சாவு என்னும் வினாவை நேருக்கு நேர் காண நேர்ந்ததாம். கண்டு தீர்த்த பின் துப்பாக்கியும் வேண்டியிருக்கவில்லை, அச்சமும் இருக்கவில்லை.

இயேசு ஆர்வத்தைத் தந்தார், காந்தி வழிமுறையைத் தந்தார் என்ற கருத்தில் அவர் பேசுவதுண்டு. 1959ஆம் ஆண்டில் மனைவியோடு இந்தியாவுக்கு வந்து ஒரு மாத காலம் யாத்திரை செய்தமையும் அந்த நன்றியின் வெளிப்பாடே.

அன்பே தடையாக வந்தபோது

எதிர்ப்பென்பது பகைவரிடமிருந்து மட்டும் வருவதன்று. நம்மை நேசிப்போரின் கண்ணீரும் பாதையை மறிக்கும். 1956ஆம் ஆண்டு பெப்ரவரியில், பகிஷ்காரத்தைத் தடைசெய்யும் 1921ஆம் ஆண்டின் பழஞ்சட்டம் ஒன்றைத் தேடியெடுத்து, இயக்கத்தின் முன்னணியாளர் பலர்மீது குற்றஞ் சுமத்தினர். அப்போது கிங் வெளியூரில் இருந்தார். அட்லாண்டாவில் அவருடைய தந்தையார், மகனை மீண்டும் மொண்ட்கொமரிக்கு அனுப்ப மனமின்றி, ஊர்ப் பெரியோரை வீட்டுக்கு அழைத்து அறிவுரை கூறச் செய்தார். கூடியிருந்தோருட் சிலர் தந்தையின் பக்கமே பேசினர்.

மக்கள் சிறை செல்லும்போது தாம் ஒளிந்திருப்பதிலும் பத்தாண்டு சிறையிற் கிடப்பது மேல் என்று மகன் கூற, தந்தையார் கண்ணீர் உகுத்தார். அவ்வமைதியை உடைத்தவர் பெஞ்சமின் மேய்ஸ். கிங் பயின்ற கல்லூரியின் தலைவர். முன்பு இந்தியா சென்று காந்தியடிகளைக் கண்டு உரையாடியவர். மாணவன் சொல்வதே சரியென்று அந்த ஆசான் எழுந்து நின்றார். தந்தையாரும் தேறினார். தேறியதோடு நில்லாது, மறுநாட் காலையில் மகனோடு தாமும் மொண்ட்கொமரிக்குப் பயணமானார். தடுக்க முயன்று தோற்ற தந்தை, உடன்வருந் துணையானதைப் படிக்கும்தோறும் நம் மனம் நெகிழ்கிறது.

அங்கே மற்றொரு வியப்புக் காத்திருந்தது. குற்றஞ் சாட்டப்பட்டோர் பொலிசார் தேடி வருமுன்னரே தாமாக நீதிமன்றத்துக்குச் சென்று கைதாகிக்கொண்டிருந்தனர். ஒரு காலத்திற் பொலிசாரின் பெயர் கேட்டே ஒதுங்கிய மக்கள், அன்று சிரித்த முகத்தோடு வரிசையில் நின்றனர். தலைவரின் துணிவு மக்களுக்குத் தொற்றியதா, மக்களின் துணிவு தலைவருக்குத் தொற்றியதா என்று கூறுதல் அரிது.

இதற்கு மற்றுமொரு சான்றும் உண்டு. பொல்லார்ட் அம்மை என எல்லோரும் அழைத்த மூதாட்டி ஒருவர் அவ்வியக்கத்தில் இருந்தார். எழுத்தறிவு மிகுதியாய் இல்லாதவர். முதுமையிலும் கார் ஏற மறுத்து நடந்தே சென்றவர். ஒரு கூட்டத்திற் கிங் வழக்கம்போலத் துணிவாய்ப் பேசியும், அவருடைய உள்ளம் நலிந்திருப்பதை அம்மூதாட்டி கண்டுகொண்டார். கூட்டம் முடிந்ததும் அருகழைத்து, நாங்கள் எல்லோரும் உன்னோடு இருக்கிறோம், நாங்கள் இல்லாவிட்டாலும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று தேற்றினார். பின்னாளில் எத்தனையோ இருண்ட வேளைகளில் அச்சொற்களே தமக்கு ஒளியாயின என்று கிங் எழுதியிருக்கிறார்.

எதிர்த்தோரும் தேவாலயத்தாரே

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கிங்கை எதிர்த்தோரும் ஞாயிறுதோறும் தேவாலயஞ் சென்றவர்களே. அதே வேதாகமத்தையே அவர்களும் படித்தனர். சமயம் ஒன்றே; ஒருவரைத் துணிவித்தது, மற்றவரைத் தம் வழக்கங்களுக்குள் மேலும் இறுக்கியது. நம் கோயில் வாயில்கள் எத்தனை காலம் எத்தனை பேருக்கு மூடிக் கிடந்தன என்பதை எண்ணும் நாம், இதனைப் பிறசமயத்தார் குறையென்று பேசத் தகுதியுடையோமல்லோம்.

அந்நகரத்து வெள்ளைப் போதகருள் இயக்கத்திற் பகிரங்கமாய்ச் சேர்ந்தவர் றொபேட் கிறெற்ஸ் ஒருவரே. லுத்தரன் சபையைச் சேர்ந்த அவர் கறுப்பின மக்களின் சபையொன்றுக்குப் போதகராயிருந்தார். தமது காரில் மக்களை ஏற்றிச் சென்றார். 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. அடுத்த சனவரியில் மறுபடியும் வீசப்பட்டது. அவ்வேளை பெரிய குண்டொன்று வெடியாமற் போனதாலேயே குடும்பம் பிழைத்தது. அவர் ஊரைவிட்டு ஓடவில்லை.

யூலியற் மோர்கன் அம்மையாரின் கதை இதனினும் துயரமானது. நகர நூலகத்திற் பணியாற்றிய வெள்ளைப் பெண்மணி அவர். பகிஷ்காரம் தொடங்கி ஒரு கிழமை ஆவதற்குள், அதனைக் காந்தியடிகளின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்துக்காகவும் பின்னர் எழுதியவற்றுக்காகவும் அவர்மீது வசைமழை பொழிந்தது. வீட்டு யன்னல்களிற் கற்கள் விழுந்தன. அறிமுகமானோர் அவரை விலக்கினர். 1957ஆம் ஆண்டு யூலையில், தனிமையுந் துயரமும் தாங்காது, அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். கிங்குக்கு ஒரு பொல்லார்ட் அம்மை இருந்தார்; வாரந்தோறும் கூடிப் பாடி வேண்டும் ஆயிரக்கணக்கானோர் இருந்தனர். மோர்கன் அம்மையாருக்கு அத்தகைய சுற்றம் இருக்கவில்லை. துணிந்து உண்மை பேசுவோரைத் தனியே விட்டுவிடுதல் எத்துணைப் பெரிய பாவம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அந்நகரத்து நூலகம் ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது 2005ஆம் ஆண்டில். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்த பின்னர்.

வெற்றியும் கண்ணீரும்

1956ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி, பஸ்வண்டிகளில் நிறவேற்றுமை சட்டவிரோதம் என்ற தீர்ப்பினை ஐக்கிய நாட்டு உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21ஆம் தேதி காலையிற் கிங்கும் நண்பர்களும் பஸ்வண்டியில் ஏறி முன்னாசனங்களில் அமர்ந்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. 1957ஆம் ஆண்டு சனவரி 10ஆம் தேதி அதிகாலையில் நான்கு தேவாலயங்களிலும் போதகர் இருவரின் வீடுகளிலும் குண்டுகள் வெடித்தன. தம் தலைமையினாலேயே பிறர் இத்துன்பம் உறுகிறார்கள் என்று கிங் நொந்தார். சில நாட்களின் பின் ஒரு கூட்டத்திலே வேண்டுதல் செய்கையில், எவரேனும் சாக வேண்டுமாயின் அது நானாயிருக்கட்டும் என்று கூறியவர் மேலே பேச இயலாது உடைந்துபோனார். நண்பர்கள் தாங்கிப் பிடித்து அமர்த்தினர். ஓராண்டுக்கு முன் அடுக்களையில் உறுதி பெற்றவரே அவர். துணிவு ஒருமுறை பெற்றுப் பெட்டியிற் பூட்டிவைக்கும் பொருளன்று என்பது இதனாற் பெறப்படும். அன்றன்று வேண்டிப் பெறுதல் வேண்டும்.

அம்மாத இறுதியில் அவர் வீட்டு விறாந்தையில் மீண்டும் டைனமைற் கட்டொன்று காணப்பட்டது, அது வெடிக்கவில்லை. நம்பிக்கை குண்டைத் தடுக்கும் கவசமென்று இதைக்கொண்டு எவரும் முடிவு செய்தலாகாது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி மெம்பிஸ் நகரில் துப்பாக்கிக் குண்டுக்குக் கிங் இரையானார். வயது 39. உடனிருப்பேன் என்றே அந்த நள்ளிரவுக் குரல் உறுதி கூறியது. சாவு வாராது காப்பேன் என்று கூறவில்லை. அவர் அதை அறிந்தே பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தார்.

மாணவனுக்கு நம் விடை

சில கிழமைகளின் பின் அதே வகுப்பில் இக்கதையை நாம் சொன்னோம். வினா விடுத்த மாணவன் இம்முறை எழுந்து நிற்கவில்லை. ஆனால் கதை முழுவதையும் தலைநிமிர்ந்து கேட்டான். "பயப்படுகிறவனுக்கு நம்பிக்கை இல்லை என்று நீ எண்ண வேண்டாம். பயத்தை ஒப்புக்கொள்வதற்கு ஓர் இடமும், ஒப்புக்கொண்ட பின் எழுந்து நிற்பதற்கு ஒரு காரணமும் உனக்கு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்" என்று அவனுக்குக் கூறினோம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பரீட்சையைக் கண்டும், வகுப்பிற் பலசாலியின் கேலியைக் கண்டும், ஊரார் வாய்க்கும் நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். 'ஆண்பிள்ளை பயப்படலாமா' என்று அதட்டினால் அவர்கள் அச்சத்தை விடமாட்டார்கள். அதை மறைக்கப் பழகுவார்கள். மறைத்த அச்சமே பின்னாளிற் கொடுமையாகவும், கொடுமையைக் கண்டும் வாய்மூடிக் கிடக்கும் வழக்கமாகவும் வெளிப்படுகிறது. வீட்டு அடுக்களை மேசையிலே 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று பிள்ளை சொல்லவும், அதைக் கேட்டு நாம் நகையாதிருக்கவும் இடமிருக்குமாயின், நாளை வீதியில் அவன் நீதிக்காக நிற்கக்கூடும். அவ்வாறு அவன் நிற்கும் நாளில், அட்லாண்டாவின் முதிய தந்தையைப் போல நாமும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவனோடு புறப்பட ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.